புறம்போக்குக்கு என்ன மதிப்பு? – எண்ணூர்க் கழியின் கணக்கு

போன வருஷம் அப்பா ஒரு வீட்டுமனை பார்த்தார். திருத்தணி ரயில் நிலையத்திலிருந்து பைக்கில் பத்து நிமிஷம். விலையும் எங்கள் கைக்கு எட்டுகிற மாதிரிதான் இருந்தது. அப்பாவின் இருபது வருஷச் சேமிப்பு, அம்மாவின் நகைக்கடன் இரண்டையும் சேர்த்தால் முடித்துவிடலாம். பி.காம். படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் காகிதம் பார்க்கிற வேலை அவன் தலையில்தானே விழும்! வில்லங்கச் சான்று, பட்டா, புல வரைபடம், அ-பதிவேடு என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். மனைக்கு வடக்கே ஒட்டியிருந்த சர்வே எண்ணுக்கு நேராக அ-பதிவேட்டில் "ஓடைப் புறம்போக்கு" என்று இருந்தது.

நேரில் போய்ப் பார்த்தால் ஓடையைக் காணோம். மண் கொட்டிச் சமப்படுத்தி, மஞ்சள் பெயின்ட் அடித்த கல் நட்டிருந்தார்கள். புரோக்கரிடம் கேட்டேன். அவர் சிரித்தபடி, "புறம்போக்குதானே தம்பி, அதுக்கு என்ன மதிப்பு? பின்னாடி நீங்களே அதையும் சேர்த்து வளைச்சுக்கலாம்" என்றார்.

அதுக்கு என்ன மதிப்பு? கணக்கியல் படிக்கிறவனிடம் கேட்கக்கூடாத கேள்வி அது. :) அன்று ராத்திரி அந்த ஓடை எங்கே போகிறது என்று வரைபடத்தில் விரலை வைத்துத் தேட ஆரம்பித்தேன். அது நந்தி ஆற்றுக்குப் போகிறது. நந்தி ஆறு கொசஸ்தலை ஆற்றில் சேர்கிறது. கொசஸ்தலை பூண்டி ஏரி வழியாக ஓடி எண்ணூரில் கடலில் கலக்கிறது. மலையடிவாரத்தில் இருக்கிற எங்கள் ஊருக்கும் கடலுக்கும் எண்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். ஆனாலும் ஐப்பசி மாதம் முருகன் மலை மேல் விழுகிற மழை கடைசியில் போய்ச் சேருகிற வாசல் எண்ணூர்தான். அந்த வாசலுக்கு என்ன ஆனது, அந்தப் "புறம்போக்கு" என்ற சொல்லுக்கு அதில் என்ன பங்கு என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஆறு வந்த வழி

கொசஸ்தலை ஆறு ஒரு மாநிலத்துக்குச் சொந்தமானதல்ல. ஆந்திரப் பக்கம் அம்மப்பள்ளி அணையைத் திறந்தால் இங்கே பள்ளிப்பட்டுப் பகுதியில் தரைப்பாலங்கள் மூழ்கும். நகரி ஆறும் நந்தி ஆறும் இதன் துணையாறுகள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு எல்லைக்கோடு என்றால் என்ன என்று நன்றாகவே தெரியும். 1953-ல் ஆந்திரா தனி மாநிலமானபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அந்தப் பக்கம் போய்விட்டது. ம.பொ.சி., மங்கலங்கிழார் போன்றவர்கள் போராடி, படாஸ்கர் பரிந்துரை வந்து, 1959-ல் சட்டம் போட்டு, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பி வந்தது. "ராத்திரி படுக்கும்போது ஆந்திரா, காலையில எழுந்தா மெட்ராஸ்" என்று தாத்தா இன்றும் சொல்வார். வரைபடத்தில் ஒரு கோடு நகர்ந்தால் எத்தனை பேர் வாழ்க்கை நகரும் என்பதற்கு எங்கள் ஊரே சாட்சி. இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இன்னொரு வரைபடம் வருகிறது.

சென்னை நகரம் இந்த ஆற்றைத்தான் முதலில் குடிக்கத் தொடங்கியது. 1860-களில் தாமரைப்பாக்கத்தில் தடுப்பணை கட்டி, ஆற்றுத் தண்ணீரைச் சோழவரம் ஏரிக்கும் அங்கிருந்து செங்குன்றம் ஏரிக்கும் திருப்பினார்கள். 1872-ல் செங்குன்றத்திலிருந்து கீழ்ப்பாக்கத்துக்குத் தண்ணீர் வந்தது. சென்னையின் நவீனக் குடிநீர் விநியோகம் தொடங்கியது அப்படித்தான். அதுவும் போதாமல் 1944-ல் பூண்டி நீர்த்தேக்கம் வந்தது. அந்தத் திட்டத்துக்காகப் பாடுபட்ட மேயர் சத்தியமூர்த்தியின் பெயர்தான் அதற்கு. 1996-லிருந்து கண்டலேறு கால்வாய் வழியாகக் கிருஷ்ணா தண்ணீரும் இதே பூண்டிக்கு வருகிறது.

இதன் விளைவு என்ன? சாதாரண நாட்களில் ஆற்றின் நல்ல தண்ணீரெல்லாம் நகரத்துக்குப் போய்விடும். பூண்டி நிரம்பி வழிகிற நாட்களில் மிச்ச வெள்ளம் முழுவதும் எண்ணூருக்குப் போகும். அதாவது, லாபத்தில் நகரத்துக்குப் பங்கு, நஷ்டத்தில் எண்ணூருக்குப் பங்கு! இந்தக் கூட்டாண்மை ஒப்பந்தத்தில் எண்ணூர்க்காரர்கள் யாரும் கையெழுத்துப் போட்டதாகத் தெரியவில்லை.

கழி என்றால் என்ன?

பழந்தமிழில் நெய்தல் நிலத்தைச் சொல்லும்போது கழி, கானல் என்ற சொற்கள் அடிக்கடி வரும். கடல்நீர் உள்ளே ஏறி ஆற்றுநீரோடு கலந்து நிற்கிற இடம் கழி. எண்ணூரில் தொடங்கி வடக்கே பழவேற்காடு வரை இந்தக் கழியும் சேற்று நிலமும் உப்பளமும் அலையாத்தி மரங்களும் தொடர்ச்சியாக இருந்தன.

பார்ப்பதற்குச் சேறுதான். ஆனால் அது செய்கிற வேலை சாதாரணமானது இல்லை. நாளைக்கு இரண்டு தடவை ஓதம் ஏறி இறங்குகிறது. இறால் குஞ்சும் மடவைக் குஞ்சும் நண்டும் வளருவது இந்த ஆழமில்லாத உப்புநீரில்தான். வெள்ளம் வருகிற நாளில் இதன் வேலை இன்னும் பெரியது. மேலே மூன்று நாள் அடைமழை பெய்கிறது, ஏரிகளெல்லாம் திறந்துவிடப்படுகின்றன என்று வையுங்கள். அந்த நேரம் பார்த்துக் கடலில் ஓதம் ஏறியிருந்தால், அல்லது புயலால் கடல்மட்டம் உயர்ந்திருந்தால், கடல் தண்ணீரை வாங்கிக்கொள்ளாது. முகத்துவாரத்தில் தண்ணீர் காத்திருக்க வேண்டும். காத்திருக்க இடம் வேண்டாமா? அந்த இடம்தான் கழி. அதை அடைத்துவிட்டால் தண்ணீர் பின்னோக்கி ஊருக்குள் காத்திருக்கும். அவ்வளவுதான் விஷயம், இதற்குப் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை.

கழியில் ஒழுங்கு இல்லாமலும் இல்லை. பக்கத்திலிருக்கிற பழவேற்காடு ஏரியில் "பாடு" என்று ஒரு முறை உண்டு. எந்த ஊர் மீனவர் எந்த இடத்தில் எந்த நாளில் வலை போடலாம் என்று முறை வைத்துக்கொள்வார்கள். நல்ல இடம் ஒருவருக்கே போகாமல் எல்லோருக்கும் சுற்றி வரும். நாங்கள் வகுப்பில் படிக்கிற எந்த நிர்வாகத் தத்துவத்துக்கும் இது குறைந்ததில்லை.

ஒரு சொல்லின் கதை

இப்போது அந்தச் சொல்லுக்கு வருவோம். புறம்பு என்றால் வெளியே. வரிக் கணக்குக்கு வெளியே இருக்கிற நிலம் புறம்போக்கு.

இந்த எண்ணம் ஆயிரம் வருஷம் பழையது. ராஜராஜ சோழன் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொடுத்த ஊர்களின் கணக்கு கல்வெட்டில் இருக்கிறது. ஊரின் மொத்த நிலத்தைச் சொல்லிவிட்டு, அதிலிருந்து குடியிருப்பு, குளம், வாய்க்கால், சுடுகாடு போன்றவற்றைக் கழித்து, மீதிக்குத்தான் வரி கணக்கிட்டிருக்கிறார்கள். குளத்துக்கும் சுடுகாட்டுக்கும் ஏன் வரி இல்லை? அவை பயனில்லாதவை என்பதாலா? எல்லோருக்கும் பொதுவானவை என்பதால். பிற்பாடு பிரிட்டிஷ்காரர்கள் ரயத்துவாரி முறையைக் கொண்டுவந்து நிலத்தையெல்லாம் அளந்தபோதும் நஞ்சை, புஞ்சை, தரிசு, புறம்போக்கு என்று பிரித்தார்கள். ஏரிப் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு, களம் புறம்போக்கு, வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று அதற்குள்ளேயே எத்தனை வகை!

ஆனால் வரி வசூலிக்கிற அரசாங்கத்தின் கண்ணில், வரி தராத நிலம் வருமானம் தராத நிலம். வருமானம் தராத நிலம் நாளடைவில் வீண் நிலம் ஆனது. இன்று "புறம்போக்கு" என்றால் திட்டுகிற சொல். பொதுச் சொத்தைக் குறித்த சொல் உருப்படாதவனைக் குறிக்கும் சொல்லாக மாறிவிட்டது. 2017-ல் டி.எம்.கிருஷ்ணா பாடி, கபேர் வாசுகி எழுதி, எண்ணூர் பின்னணியில் படமாக்கப்பட்ட "சென்னைப் புறம்போக்குப் பாடல்" பலரை இந்தச் சொல்லைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

கணக்கு பாஷையில் சொல்வதானால், ஐந்தொகையின் சொத்துப் பக்கத்தில் எழுதாமல் விட்டதால், அது சொத்தே இல்லை என்று நாமே நம்பிவிட்டோம். எண்ணூரில் நடந்ததெல்லாம் இந்த ஒரு தவறான பதிவிலிருந்து வந்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

எண்ணூர்: உல்லாச ஊரிலிருந்து நிலக்கரி ஊருக்கு

நம்பமாட்டீர்கள், ஒரு காலத்தில் எண்ணூர் என்பது சென்னையில் இருந்த வெள்ளைக்காரர்கள் காற்று வாங்கப் போகிற இடம். கடற்கரையில் தோட்ட வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். 1806-ல் பாசில் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூருக்கு ஒரு கால்வாய் வெட்டினார். உப்பும் விறகும் படகில் நகரத்துக்கு வந்தன. 1876–78 பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக அந்தக் கால்வாயை நகரத்துக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும்படி நீட்டினார்கள். அப்போதைய கவர்னர் பெயரால் அது பக்கிங்ஹாம் கால்வாய் ஆனது.

சுதந்திரத்துக்குப் பிறகு நகரத்துக்கு மின்சாரம் வேண்டியிருந்தது. 1970-ல் எண்ணூர் அனல்மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. 450 மெகாவாட். குளிர்விக்கத் தண்ணீர் பக்கத்திலேயே, நிலமோ மலிவு. 1994-லிருந்து 1996-க்குள் வடசென்னை அனல்மின் நிலையத்தின் மூன்று அலகுகள் வந்தன, மொத்தம் 630 மெகாவாட். இந்த மின் நிலையங்களுக்கு நிலக்கரி இறக்க ஒரு துறைமுகம் வேண்டும் என்று எண்ணூர்த் துறைமுகம் 2001 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. இப்போது அதன் பெயர் காமராஜர் துறைமுகம். பிறகு 2012-லிருந்து வல்லூர் அனல்மின் நிலையம் 1,500 மெகாவாட். 2013-ல் காட்டுப்பள்ளித் துறைமுகம். 2013–14-ல் வடசென்னை இரண்டாம் கட்டம் 1,200 மெகாவாட்.

ஒன்றைப் பார்த்தீர்களா? ஒவ்வொன்றும் அடுத்ததைக் கூப்பிட்டு வந்திருக்கிறது. மின் நிலையம் நிலக்கரியைக் கேட்டது, நிலக்கரி துறைமுகத்தைக் கேட்டது, துறைமுகம் சாலையையும் சரக்குக் கிடங்கையும் கேட்டது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு திட்டமும் கழியில் கொஞ்சம்தான் எடுத்துக்கொண்டது. கூட்டிப் பார்க்கிற வேலையைத்தான் யாரும் செய்யவில்லை.

இதில் எனக்கும் பங்கு இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சித்திரை வெயிலில் எங்கள் வீட்டில் சுற்றுகிற ஃபேனுக்கும் அந்த மின்சாரம்தான் வருகிறது. 2008 வாக்கில் தமிழ்நாடு மின்வெட்டால் பட்ட பாட்டை அப்பா கதை கதையாகச் சொல்வார். மின் நிலையமே வேண்டாம் என்று எழுதிவிட்டு ஃபேன் போட்டுத் தூங்குவது நியாயமில்லை. மின்சாரம் வேண்டும்தான். கேள்வி என்னவென்றால், அதன் விலையை யார் கொடுக்கிறார்கள்?

நம் நாட்டு நிலக்கரியில் 30 முதல் 40 சதவீதம் சாம்பல். நூறு டன் எரித்தால் முப்பது நாற்பது டன் சாம்பல் மிஞ்சும். அதைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் சாம்பல் குட்டைக்குத் தள்ளுவார்கள். அந்தக் குழாய்கள் கழியைத் தாண்டிப் போகின்றன. குழாய் உடைந்து பல வருஷமாகச் சாம்பல் ஆற்றுக்குள் இறங்கியது. ஆற்றின் அடி மேடாகிப்போனது. 2022 ஜூலையில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சாம்பலை அகற்றிக் கழியைச் சீரமைக்கும்படி உத்தரவிட்டது. சாம்பல் குட்டையைச் சரியாகப் பராமரித்து, குழாயை நேரத்துக்கு மாற்றியிருந்தால் மின்சாரம் யூனிட்டுக்குக் கொஞ்சம் விலை கூடியிருக்கும். அந்தக் கொஞ்சத்தை மின்வாரியமும் கொடுக்கவில்லை, நாமும் கொடுக்கவில்லை. கழியில் இறால் பிடிக்கிறவர்கள் கொடுத்தார்கள்.

காணாமல் போன வரைபடம்

சட்டம் இல்லாமலா இருந்தது? 1991 பிப்ரவரி 19-ல் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்தது. ஓதம் ஏறி இறங்குகிற கழிகளும் அலையாத்திக் காடுகளும் கட்டடம் கட்டக்கூடாத பகுதிகள் என்றது. ஒவ்வொரு மாநிலமும் வரைபடம் தயாரிக்க வேண்டும். 1996-ல் மத்திய அரசின் ஒப்புதல் பெற்ற தமிழ்நாட்டு வரைபடத்தில் எண்ணூர்க் கழி சுமார் 6,500 ஏக்கர் பாதுகாக்கப்பட்ட பகுதியாகக் காட்டப்பட்டிருந்தது.

பிறகு இன்னொரு வரைபடம் புழக்கத்துக்கு வந்தது. 2009-ஆம் ஆண்டுத் தேதியிட்டது. அதில் அந்தக் கழியே இல்லை! ஆறும் ஓதமும் அப்படியே இருக்க, காகிதத்தில் மட்டும் நீர் மறைந்துவிட்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் மூலம் பெற்ற ஆவணங்களை வைத்து, 2017-ல் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் இந்த இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள்.

திருத்தணிக்காரனுக்கு இது சட்டென்று உறைக்கும். எங்கள் ஊரை வரைபடத்தில் இந்தப் பக்கம் கொண்டுவர ஏழு வருஷம் போராட்டம், ஊர்வலம், சிறை எல்லாம் வேண்டியிருந்தது. நாடாளுமன்றத்தில் சட்டம் போட வேண்டியிருந்தது. ஒரு கழியை வரைபடத்திலிருந்து எடுக்க அதெல்லாம் எதுவும் தேவைப்படவில்லை. ஏன்? அது புறம்போக்கு. அதற்காகக் கேட்க ஒரு பட்டாதாரர் இல்லை.

பில் வந்தது

கணக்கியலில் "எதிர்பாராப் பொறுப்பு" என்று ஒன்று படிக்கிறோம. இன்று கடன் இல்லை, ஆனால் ஏதாவது நடந்தால் கடனாகிவிடும். நல்ல கணக்காளர் அதை அடிக்குறிப்பிலாவது எழுதி வைப்பார். எண்ணூர் விஷயத்தில் அந்த அடிக்குறிப்பையும் யாரும் எழுதவில்லை. பில்கள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன.

2015 டிசம்பர் வெள்ளம் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் அடையாற்றையும் செம்பரம்பாக்கத்தையும் பேசினார்கள். பூண்டி நிரம்பி, கொசஸ்தலையிலும் பெருவெள்ளம் போனது, வடசென்னையும் மூழ்கியது.

2017 ஜனவரி 28-ல் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கரையெல்லாம் கறுப்பு. தொண்டர்கள் வாளியால் எண்ணெய் அள்ளிய படங்களைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள்.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை. மணலித் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலைக்கும் கழிக்கும் வந்தது. படகு, வலை, அலையாத்தி மரத்தின் வேர், வீட்டுச் சுவர் எல்லாம் எண்ணெய். அரசு பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பங்களில் ஒரு பகுதிக்குத் தலா 12,500 ரூபாயும், படகுக்கு 10,000 ரூபாயும் நிவாரணம் அறிவித்தது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, மக்கள் இருட்டில் ஓடினார்கள்.

12,500 ரூபாய். ஒரு குடும்பத்தின் தொழில் தடைபட்டதற்கு அரசுக் கணக்கில் ஏறிய தொகை. புரோக்கர் கேட்ட "என்ன மதிப்பு" என்ற கேள்விக்கு ஒரு விதத்தில் அதுதான் பதில். பூஜ்ஜியத்தைவிட அதிகம், அவ்வளவுதான்.

இன்னொரு பில் குடிநீரில் வந்தது. மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்துவிட்டது. கிணறெல்லாம் உப்பு. 2010-ல் அதே வட்டாரத்தில், காட்டுப்பள்ளியில், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறக்கப்பட்டது. மழைநீரை ஏரியிலும் மணலிலும் தேக்கி வைத்து இயற்கை இலவசமாகச் செய்த வேலையை, இப்போது மின்சாரம் கொடுத்து வாங்குகிறோம். அந்த மின்சாரத்துக்கு மறுபடி நிலக்கரி...

வேறு வழியே இல்லையா?

இருக்கிறது. மூன்று ஊர்களைப் பார்க்கலாம்.

முதலில் நம்ம பள்ளிக்கரணை. 1960-களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் இருந்ததாக மதிப்பிடப்படும் சதுப்பு நிலம். குப்பைமேடு, ஆராய்ச்சி நிறுவனங்கள், ஐ.டி. சாலை, அடுக்குமாடி என்று நாலாபுறமும் சுருங்கியது. 2007-ல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் சுமார் 1,247 ஹெக்டேர் ராம்சர் ஈரநிலமாக உலகப் பட்டியலில் சேர்ந்தது. பத்தில் எட்டுப் பங்கை இழந்த பிறகு மிச்சத்துக்குப் பூட்டுப் போட்டிருக்கிறோம். தாமதம்தான், ஆனாலும் பெயரும் எல்லையும் கிடைத்தால் ஒரு சதுப்பு நிலம் பிழைக்க முடியும் என்பதற்கு அது உதாரணம்.

இரண்டாவது கொல்கத்தா. நகரத்தின் கழிவுநீர் கிழக்கே உள்ள 12,500 ஹெக்டேர் ஈரநிலத்துக்குப் போகிறது. அங்கே வெயிலும் பாசியும் மீனும் சேர்ந்து அதைச் சுத்தப்படுத்துகின்றன. நகரத்துக்கு மீனும் காய்கறியும் கிடைக்கின்றன. இதைக் கண்டு எழுதியவர் அரசுப் பொறியாளர் துருபஜோதி கோஷ். 1992-ல் கல்கத்தா உயர்நீதிமன்றம் அந்த நிலத்தில் கட்டடம் எழும்புவதைத் தடுத்தது. 2002-ல் ராம்சர் பட்டியல், 2006-ல் அதற்கென்றே ஒரு தனிச் சட்டம். அங்கேயும் ஆக்கிரமிப்பு இல்லாமலில்லை. ஆனால் "இது வேலை செய்கிற நிலம்" என்று ஒரு நகரம் ஒப்புக்கொண்டது.

மூன்றாவது கொழும்பு. 2010 நவம்பர் மழையில் இலங்கை நாடாளுமன்ற வளாகத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. அதன் பிறகு உலக வங்கி உதவியோடு கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஈரநிலங்கள் முழுவதும் போய்விட்டால் கொழும்பு மாநகரப் பகுதி வருஷத்துக்குத் தன் மொத்த உற்பத்தியில் சராசரியாக ஒரு சதவீதத்தை வெள்ளச் சேதத்தில் இழக்கும் என்று விடை வந்தது. ஈரநிலங்களை வெள்ளக் காப்பாக நகரத் திட்டத்துக்குள்ளேயே சேர்த்தார்கள். 2018-ல் உலகின் முதல் ராம்சர் ஈரநில நகரங்கள் வரிசையில் கொழும்பும் இடம்பெற்றது.

கொழும்பு செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அவர்கள் கவிதை பாடவில்லை, கணக்குப் போட்டார்கள். சொத்துப் பக்கத்தில் ஒரு வரி எழுதினார்கள்.

எண்ணூருக்கும் அதையே செய்யலாம். புதுத் திட்டங்கள் ஏற்கனவே மேடாக்கிப் பாழாய்க் கிடக்கிற தொழிற்பேட்டை நிலத்துக்குப் போகட்டும், மிச்சமிருக்கிற கழிக்குள் வேண்டாம். ஒவ்வொரு திட்டத்தையும் தனியாகப் பார்க்காமல், இதுவரை போனதையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்துவிட்டு அனுமதி கொடுக்கட்டும். 1996 வரைபடம் அந்தந்த ஊரிலேயே மக்கள் கண்ணில் படுகிற இடத்தில் தமிழில் மாட்டப்படட்டும். கழிவைக் கொட்டினால் ஆகிற செலவு, கொட்டாமல் இருப்பதற்கு ஆகிற செலவைவிட அதிகமாக இருக்கட்டும். இது நான்கும் நடந்தால் துறைமுகமும் இருக்கும், இறாலும் இருக்கும்.

திரும்ப எங்கள் ஊருக்கு

இதையெல்லாம் படித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பனோடு கும்மிடிப்பூண்டி எலக்ட்ரிக் ட்ரெயினில் போனேன். எண்ணூருக்கும் அத்திப்பட்டு புதுநகருக்கும் நடுவே வண்டி ஆற்றுப் பாலத்தைத் தாண்டும். கதவோரம் நின்று பார்த்தேன். ஒரு பக்கம் புகைபோக்கிகள். கீழே சாம்பல் நிறத்தில் தண்ணீர். அதில் கழுத்தளவு இறங்கி, வாயில் பையைக் கவ்விக்கொண்டு, கையால் தடவித் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார் ஒருவர். எங்கள் ஊர் மழையும் அந்தத் தண்ணீரில் கொஞ்சம் இருந்திருக்கும். பாலம் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

அப்பாவிடம் அந்த மனையைப் பற்றி என் பங்குக்குச் சொன்னேன். 2011-ல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்ற மாநிலங்களுக்கு உத்தரவிட்டதையும் சொன்னேன். அவர் அதையெல்லாம் பெரிதாகக் காதில் வாங்கவில்லை. "ஓடை எங்கே போகும்?" என்று மட்டும் கேட்டார். "இப்போதைக்கு எங்கேயும் போகாதுப்பா, மழை வந்தால் நம்ம மனைக்குத்தான் வரும்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கவில்லை என்று சொல்லிவிட்டார்.

அதே பணத்துக்கு வேறு இடத்தில் இதில் முக்கால் பங்குதான் கிடைக்கும். அம்மாவுக்கு இன்னும் வருத்தம். அந்த மனையை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள், அஸ்திவாரமும் போட்டாகிவிட்டது. அவர்கள் அ-பதிவேட்டைப் பார்த்தார்களா என்று தெரியவில்லை. நீங்கள் எங்காவது மனை வாங்கப் போனால், உங்கள் சர்வே எண்ணோடு நிறுத்தாமல் பக்கத்துச் சர்வே எண்ணையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அங்கே "புறம்போக்கு" என்று இருந்தால், மதிப்பில்லாதது என்று நினைத்துவிடாதீர்கள்.